ஐந்தாவது கோடு

லியெபாயாவில் அந்த வருடம்
இசைத்தாள் கிடைக்கவில்லை.
சோப்பும் கிடைக்கவில்லை, ஆனால்
சோப்புக்கு வரிசையாவது இருந்தது.

ஸெல்மா ப்ரூவெரே
மீன் டப்பா ஆலையின் கணக்குப் பிரிவில்
பகல் முழுக்கத் தகரத்தை எண்ணுவார்.
இரவில் பழைய பேரேட்டுத் தாள்களைப் புரட்டிப்போட்டு
முதுகுப் பக்கத்தில் சிம்பொனி எழுதுவார்.

ஐந்து கோடு வேண்டுமே.
உணவுக்கூடத்து அலுமினிய முள்கரண்டிக்கு நான்கே பல்.
மையில் தோய்த்து ஓர் இழுப்பு: நான்கு கோடு,
உழவுசால் மாதிரி, பிசகாமல்.
ஐந்தாவதை மட்டும் கையால் போடுவார்,
எல்லாவற்றுக்கும் மேலே.

அது சில பக்கங்களில் விறைத்து நிற்கும்.
சில பக்கங்களில்
ஈரத்துணி போட்ட கொடியாகத் தொய்யும்.
மார்ச் மாதப் பக்கங்களில் நடுக்கம்,
விறகு தீர்ந்த மாதம்.
ஓரிடத்தில் மேலே எகிறி அப்படியே நின்றுவிடும்.
யாரோ கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

எனக்கெப்படித் தெரியும் என்றால்
படியெடுத்தவன் நான்தான்.
பக்கத்துக்கு ஆறு கோபெக் கூலி.
நூற்றுப் பன்னிரண்டு பக்கமும்
புகைபோட்ட மீன் வாசம்.
எங்கள் பூனை இரண்டாம் பாகத்தின்மேல் படுத்துக்கொண்டு
இறங்கவே மறுத்தது.

மூன்றாம் பாகம். ஓபோ தனியாக ஏறுகிற இடம்.
அங்கே கோடு தொய்ந்திருந்தது.
அந்தச் சுரம்
கோட்டில் கோத்த மணியா,
கோட்டின்மேல் குந்திய காக்கையா?
ஃபாவா, ஸோலா?
மணி மூன்று. மின்சாரம் போய்ப்போய் வந்தது.
காக்கை என்று முடிவுகட்டினேன்.
ஸோல்.

ஒத்திகையில் ஆர்விட்ஸ் அதை ஊதினான்.
கால்வாய்ப் பாலத்து வளைவில் ட்ராம் திரும்ப
நிற்பவர்கள் மொத்தமும் சாய்வார்களே,
அரங்கம் அப்படி ஒரு கணம் சாய்ந்தது.
கோலை இறக்கி ரூஞ்கிஸ்
ஏழாம் வரிசையைப் பார்த்தார்.
ஏழாம் வரிசையில் ரப்பர் பூட்ஸோடு ஸெல்மா.
தலையசைக்கவில்லை. மறுக்கவுமில்லை.
"மேலே போவோம்" என்றார் ரூஞ்கிஸ்.

இடைவேளையில் ஓடினேன். நாக்கு ஒட்டிக்கொண்டது.
நான் கேட்பதற்குள் அவர் கேட்டார்:
"கட்டுக்குள் என் முள்கரண்டி இருந்ததே,
பார்த்தீர்களா?"

பார்த்தேன்.
மூன்று வாரமாக அதில்தான்
உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தேன்.
சொன்னேன்.
அவர் சிரித்த சிரிப்பில்
டிரம்பெட்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
"அதான் உதடு ஊதாவாக இருக்கிறது!"
அதற்குள் மணி அடித்துவிட்டது.
பேச்சு அவ்வளவுதான்.

ஒரே ஒரு முறை வாசித்தோம்.
ரீகாவிலிருந்து வந்தவர்
இதில் தொழிலாளியின் குரல் இல்லை
என்று எழுதிவிட்டுப் போனார்.
தொழிலாளி மறுநாள் காலை ஏழரைக்கு
டப்பா எண்ணப் போனார்.

அப்புறம் எழுதியவை அலமாரியோடு இருந்தன.
எண்பத்து நான்கில் கண்ணை மூடினார்.
கல்லறைக்கு ஆலைக்காரர்கள் நிறைய வந்தார்கள்.
வாத்தியக்காரர்களில் மூன்று பேர்.

இப்போது கடிதம் வந்திருக்கிறது.
முழுத் தொகுப்பு போடுகிறார்களாம், தடித்த அட்டையில்.
"மூன்றாம் பாகம், எண்பத்தெட்டாம் கட்டம், ஓபோ:
மூலத்தில் தெளிவில்லை.
உயிரோடிருக்கும் ஒரே சாட்சி நீங்கள்.
ஃபாவா ஸோலா என உறுதிப்படுத்தவும்.
அடிக்குறிப்புக்காக."

உறுதி.
காபி ஆறிப் பாடை கட்டியது.

முள்கரண்டி இன்னும் இருக்கிறது,
அவர் திரும்ப வாங்கவேயில்லை.
கடிதத்தைப் புரட்டிப் போட்டேன்.
மையில் தோய்த்து ஓர் இழுப்பு. நான்கு கோடு.
பிறகு ஐந்தாவது, கையால்.
எண்பத்தொரு வயதுக் கை,
அது போன போக்கில் போனது.
அதன் மேலோ, அதிலோ
ஒரு புள்ளி வைத்து
உறையை ஒட்டினேன்.