நூறுக்குப் பக்கத்தில்

லெ மான் நகரில், ஜனவரியில்,
சார்த் ஆறு நடைபாதைக்கு ஏறிய வாரம்
ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது:
குறைமாதக் குழந்தைகளின் அறைக்குப் பின்னால்
ஒரு கம்ப்ரசர்
இரவெல்லாம் ம்ம்ம் என்கிறது.

நூறு ஹெர்ட்ஸ், என்றாள் சொலென்,
மைக்கைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே.
ஓர் அலைக்கு நீளம் மூன்றரை மீட்டர்.
சுவர் எழுப்பித் தடுப்பதென்றால்
அறையில் குழந்தைக்கு இடமிருக்காது.

எங்களுக்குக் கொடுத்தது ஐந்து சென்டிமீட்டர்.
ரேஸ் முடிந்த காலையில்
கூடாரத்தை அதன் உறைக்குள் திணிக்கிற மாதிரி
அலையை அதற்குள் மடிக்க வேண்டும்.

கணக்கு அவளுடையது. நான் அச்சடிப்பவன்.
என் பிரின்டர் பதினோரு இரவு
வெள்ளைப் பிளாஸ்டிக்கை இழையிழையாக அடுக்கியது.
நானூற்று முப்பத்திரண்டு சிற்றறைகள்,
அறைக்கொரு கழுத்து,
ஒன்றைவிட ஒன்று மயிரளவு குட்டை.
காலி பாட்டிலின் வாயில் ஊதியவருக்குத் தெரியும்,
வெற்றிடத்துக்கும் சொந்தச் சுருதி உண்டு.
எண்பத்தைந்து முதல் நூற்றிருபது வரை
எது வந்தாலும் உள்ளே நுழைந்து
அலைந்து
சூடாகி
அங்கேயே தீர்ந்துவிடும்.
பிளாஸ்டிக் சாதாரணப் பிளாஸ்டிக்தான்.
வேலை செய்வது வடிவம்.

கட்டிலைச் சுற்றி மூன்று பக்கம் நிறுத்தினோம்.
மீட்டரில் எண் சரிந்தது.
நர்ஸ் கிஸ்லேன் காதில் விரல்விட்டு ஆட்டினாள்,
அடைத்துக்கொண்டதோ என்று.
அன்றைக்கு நான் இரண்டு பியர் குடித்தேன்.
இரண்டு பாட்டிலிலும் ஊதினேன்.

நான்காம் நாள் கிஸ்லேன் போன் செய்தாள்.
"இதை அறிக்கையில் எழுத முடியாது," என்றாள்.
ஏழாம் எண் கட்டிலின் அப்பா, அதெலினோ,
பந்தயக் கார்களுக்கு டயர் மாற்றுகிறவர்,
ஷிஃப்ட் முடிந்து வந்து
தடுப்புக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார்.
அவர் பேசினால் திரையில் துடிப்பு கொஞ்சம் நிதானப்படும்.
இப்போது படுவதில்லை.

போனோம். "ஏதாவது பேசுங்கள்," என்றாள் சொலென்.
அவர் கூச்சத்தோடு கைகளைப் பார்த்துக்கொண்டார்.
நகக்கண்ணில் கறுப்பு.
"முன் இடது, ஏழு நொடி.
பின் இடது, ஒன்பது. நட்டு சிக்கிவிட்டது, கண்ணு."

தொண்ணூற்றிரண்டு ஹெர்ட்ஸ்.

தடுப்புக்கு உள்ளே குனிந்து கேட்டேன்.
உதடு தட்டுகிற சத்தம் வந்தது,
பல்லில் உரசுகிற காற்று வந்தது.
அடியில் ஆள் இல்லை.

மறுபடி பதினோரு இரவு.
இந்தமுறை எல்லாக் கழுத்தும் ஒரே அளவு,
நூறுக்கு மட்டும் பூட்டு,
இரு பக்கமும் திறந்த வழி.
கம்ப்ரசர் சுமை ஏறினால் சற்றே தள்ளாடும்,
தள்ளாடும்போதெல்லாம் தப்பிவிடும்.
ஒப்பந்தம் கேட்ட டெசிபலுக்கு நான்கு குறைச்சல்.
சொலென் அதை அப்படியே எழுதிக் கையெழுத்திட்டாள்.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரு கோடு மட்டும் இழுத்தாள்.

இப்போதும் அந்த அறை லேசாக முனகுகிறது.
அந்த முனகலுக்குச் சற்றுக் கீழே
யாருடைய காரோ உள்ளே வந்து நிற்கிறது,
ஒரு சக்கரம் கழல்கிறது,
இன்னொன்று மாட்டியாகிறது.