இரவல் தோள்

பதினோரு வருஷமாக இரண்டு கம்பெனிக்கும்
கொள்வினை கொடுப்பினை இல்லை.
ஒரே ஊரில் ஒரே நாளில் ரிங் போட்டு
ஒருவர் போஸ்டர் மேல் மற்றவர் பசை தடவியவர்கள்.

இந்தப் பனிக்காலம் இருவருக்கும் கூட்டம் இல்லை.
முரோரானில், எஃகு ஆலைக்குப் பின்னால்
ஒரு நூடுல்ஸ் கடையில் பேச உட்கார்ந்தார்கள்.
நான் நடுவர்.
அன்றைக்கும் நடுவில்தான் இடம் போட்டார்கள்.

ஒப்பந்தம் ஏழு பக்கம்.
குராமோச்சியை மூன்று இரவுக்கு இரவல் தருவது.
அவன் முதுகு தரையில் இருக்க மூன்று எண்ணக் கூடாது.
நிரசாவாவின் முதுகுக்கும் அதே மரியாதை.
கயிற்றுக்கு வெளியே விழலாம்.
நாற்காலியால் அடி வாங்கலாம்.
டி-ஷர்ட் விற்ற காசு பாதிப் பாதி.
ஆளை, வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும்.
கடைசி விதியைச் சொன்னவர்
முன்பு படகு வாடகைக்கு விட்டவர்.

யார் தோற்பது என்பதற்கு மட்டும் இரண்டு மணி நேரம்.
நூடுல்ஸ் ஊறிக் கூழாகிவிட்டது.
கடைசியில் யாரும் தோற்கவில்லை:
முப்பது நிமிஷம், மணி, சமம்.

அரங்கில் எண்ணூறு பேர், கோட்டைக் கழற்றாமல்.
ஹீட்டர் ஒரு பக்கம்தான் எரிந்தது.
நிரசாவா மார்பில் விட்ட அறை
கூரைத் தகரம் வரை போய் வந்தது.
பத்தொன்பது வருஷம் கேட்ட காது இது.
பெரிய சத்தம் என்றால் சின்ன வலி.
சத்தமே வராத அடிக்குத்தான் பயம்.

இருபத்திரண்டாவது நிமிஷம்
மேல் கயிற்றிலிருந்து குராமோச்சி பாய்ந்தான்.
சத்தம் வரவில்லை.

குனிந்து, அவன் உள்ளங்கையில் விரலை வைத்தேன்.
நன்றாக இருந்தால் ஒரு அழுத்து அழுத்துவான்;
எங்கள் தொழிலில் முதல் வைத்தியம் அதுதான்.
அழுத்தவில்லை.
உதடு அசையாமல் சொன்னான்: "தோள்."

நிரசாவா என் முகத்தைப் பார்த்தான்.
முதல் வரிசையில் அவன் முதலாளி
கண்ணாலேயே தரையைக் காட்டினார்.
மல்லாத்து. மூன்று எண்ணட்டும்.
ஏழு பக்கமும் கிடக்கட்டும்.

நிரசாவா விழுந்து பிடித்தான்.
பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றி ஒரு கை,
சரிந்த தோளை மார்போடு சேர்த்து ஒரு கை,
இடுப்பை இரண்டு காலாலும் பூட்டி
நெரித்தான்.
"ஒடி! ஒடி!" என்று கூட்டம் எழுந்து நின்றது.

எட்டு நிமிஷம்.
பக்கத்தில் மண்டியிட்டிருந்த எனக்கு மட்டும் தெரிந்தது,
பிடி என்ற பெயரில் அது கட்டு.
எலும்பு ஒரு நூல் நகரவில்லை.
காதைக் கடிக்கிறான் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள்.
"மூச்சு விடு. இன்னும் ஆறு.
உன் பெண் எந்த வகுப்பு?"
"மூணு."
"கணக்கு வருமா?"
"வராது."
"அப்பன் மாதிரி. மூச்சு விடு."

"தோல்வியை ஒத்துக்கொள்கிறாயா?"
ஊர் கேட்க நான் கத்த வேண்டும், கத்தினேன்.
"மாட்டேன்" என்று அவன் அலறியது
நடிப்பாக இருக்க முடியாது.
பின்வரிசையில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

மணி அடித்தது. சமம்.

உடை மாற்றும் அறையில்
ஐஸ் யார் கணக்கில் என்று முதலாளிகளுக்குள் தகராறு.
டை பிடித்து இழுத்தார்கள், ஒரு பொத்தான் தெறித்தது.
அது நிஜச் சண்டை.
பார்க்கச் சகிக்கவில்லை;
இருவருக்கும் ஒரு கழுத்தை எப்படிப் பிடிப்பதென்றே தெரியவில்லை.
பழக்க தோஷம், நடுவில் போய் நின்றேன்.

பின்கதவைத் திறந்துகொண்டு நிரசாவா போனான்.
தன் கம்பெனிப் பெயர் போட்ட துண்டில்
வாசலில் கிடந்த பனியை அள்ளி முடிந்து
ஒன்றும் பேசாமல் கொண்டுவந்து
அந்தத் தோளில் வைத்தான்.

மறுநாள் போஸ்டரில் 'தீராப் பகை' என்று அச்சடித்து
வேறு ஆளை இரவல் அனுப்பினார்கள்.
குராமோச்சி கப்பலேறினான், கையைத் தூளியில் போட்டுக்கொண்டு.
"வாங்கிய நிலையில்" என்ற இடத்தில்
முத்திரை குத்தச் சொன்னார்கள். மை காய்ந்துவிட்டது என்றேன்.

அந்தத் துண்டு இன்னும் திரும்பி வரவில்லை.
துண்டைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றுமில்லை.