அரை அங்குலம்

"முடியிருக்கா… சிக்கு முடி, உதுந்த முடி…"
வாலிநோக்கம் சந்துக்குள் சைக்கிள் வருகிறது.
பின்னால் பிளாஸ்டிக் குடம், சல்லடை, அன்னக்கூடை.
ஹேண்டில்பாரில் குட்டித் தராசு.

குளிக்கிற மறைப்பின் தகர இடுக்கில்
எட்டு மாதமாகச் சுருட்டிச் சுருட்டிச் செருகியதைப்
பிடுங்கி எடுத்தேன்.
பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் தொடங்கிய உதிர்வு.
குழம்பில் ஒன்று,
பிள்ளையின் விரலிடுக்கில் ஒன்று.
அவர் சாரத்தில் ஒட்டியதை உருவிக்கொண்டே
"வலையில நூல் எடுத்த மாதிரி இருக்கு" என்பார்.

தராசில் எழுபது கிராம்கூட நிற்கவில்லை.
ஓர் இழையை உருவி வெயிலுக்கு நேரே பிடித்தான்.
"நுனி நல்லாருக்குக்கா.
வேர்ப்பக்கந்தான் நூலாப் போச்சு.
மாசத்துக்கு அரை அங்குலம் வளரும் பாத்துக்கங்க."
சொல்லிவிட்டுக் குடத்துக் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

அந்த இழையை வாங்கி
நான் ஜாண் போட்டேன்.

மூன்று ஜாண்.
நுனி ஜாண் நரிப்பையூர்.
அப்பாவின் வள்ளத்துச் சாளை,
கேப்பைக் கூழ், சுட்ட கருவாடு, பனங்கிழங்கு.
எது சத்து என்று அப்போது யார் கேட்டது?

நடு ஜாண் கல்யாணம்.
மூக்கையூர் விசைப்படகில் அவர் கூலி.
சீலா கம்பெனிக்கு, கணவாய் கம்பெனிக்கு.
மாமனார், அவர், கொழுந்தன் எழுந்தபின்
சட்டியில் எனக்குப் புளி மட்டும்.
இதோ இந்த ஓர் அங்குலம் தடைக்காலம்,
இரண்டு மாதம் ரேஷன் அரிசியும் ரசமும்.
இங்கே இன்னொன்று.

கடைசி ஜாணின் பாதி வயிற்றில் பிள்ளை.
ஆசீர்வாதம் நர்ஸ் எதிரே நின்று
இரும்புச்சத்து மாத்திரையை முழுங்கவைத்தார்.
"ரத்தம் எட்டுதான் இருக்கு நம்புச்செல்வி,
முட்டை தின்னு, முருங்கைக்கீரை தின்னு."
தின்றேன். மாத்திரை தீரும்வரை தின்றேன்.
மிச்சப் பாதியைப் பிள்ளை குடித்துக்கொண்டிருக்கிறான்.

பக்கத்து வீட்டு ஜுலைகா
துபாயிலிருந்து வந்த பயோட்டின் மிட்டாய் நாலு தந்தாள்,
கரடிக்குட்டி மாதிரி, சிவப்பாக.
நாலு கரடி எத்தனை நாளைக்கு?

"குடமா, சல்லடையாக்கா?"
"காசாக் குடு."
நூற்று நாற்பது எண்ணினான்.
முட்டையும், கொஞ்சம் பச்சைப்பயறும்.
மீதியை முந்தியில் முடிந்தேன்.

மறுநாள் கரையில் ஏலத்துக்கு முன்
அவர் பங்குச் சாளையில்
இரண்டு கை அள்ளித் தனியே வைத்தேன்.
ஏலக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.
"மாமனாருக்கா?"
"எனக்கு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பக்கத்துக் குவியலுக்கு விலை கூவப் போய்விட்டார்.

முள் கரைய வேகவைத்து
அடுப்படியில் உட்கார்ந்து
முதல் ஆளாகச் சாப்பிட்டேன்.
கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இப்போது நெற்றியோரம்
குட்டிக் குட்டியாகக் குத்திட்டு நிற்கிறது.
எவ்வளவு எண்ணெய் வைத்தாலும்
படிய மாட்டேன் என்கிறது.