காப்பு

பனகல் சாலையில் பெரியாஸ்பத்திரிக்கு எதிரே
ஏழாவது மருந்துக்கடை. ராத்திரி நான் மட்டும்.
பத்தரைக்கு மேல் வருகிறவர்களை
நடையை வைத்தே சொல்லிவிடுவேன்.
பிரசவத்துக்கு ஓடிவருகிறவன் செருப்பை மறந்திருப்பான்.
வலிமாத்திரைக்கு வரும் பையன்
முதலில் இருமல் மிட்டாய் வாங்குவான்.

போன வருஷம் ஆழ்வார்புரம் படித்துறைக்குக் கீழே
வைகை மணலில் ஒருவன் கிடந்தான்.
இளம்பரிதி. வயது பத்தொன்பது.
கையில் ஊசி. சட்டைப்பையில் எங்கள் கடை பில்.
டாக்டர் சீட்டு சரியாகத்தான் இருந்தது, முத்திரையும்.
கிழித்துக் கொடுத்தது நான்.
தேதி போட்டதும் என் கையெழுத்து.

அதனால்தான்
புது மாத்திரை வந்தபோது
எல்லோருக்கும் முன்னால் நான் சந்தோஷப்பட்டேன்.
கம்பெனிப் பையன் அதைக் கவுண்டர்மேல் வைத்து
எடைக்கல்லால் ஓங்கி அடித்தான்.
கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.
மாத்திரை ஓரத்தில் கொஞ்சம் சப்பளிந்தது, அவ்வளவுதான்.
தண்ணீரில் போட்டான்.
ஜவ்வரிசிக் கஞ்சியாகக் கொழகொழத்து
ஊசிக்குள் ஏற மாட்டேனென்றது.
"இந்த இறுக்கத்துக்குக் காப்புரிமை இருக்கு சார்.
இருபது வருஷம் வேற எவனும் இப்படி இறுக்க முடியாது."

பழையது ஒன்று மூன்று ரூபாய்.
இது நாற்பத்தொன்று.
"பழசு?"
"அது ஆபத்து சார். நாங்களே நிறுத்திட்டோம்."

பழசின் காப்புரிமை எப்போது முடிகிறதென்று
பிறகு தேடிப் பார்த்தேன்.
ஆவணியில் முடிகிறது.
ஆடியிலேயே ஆபத்தாகிவிட்டது மாத்திரை.

ஒச்சாயி உசிலம்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கியபோது
மணி பதினொன்று பத்து, சனிக்கிழமை.
புருஷன் மொக்கராசு டிப்பர் ஓட்டியவர்.
தொண்டையில் கட்டி, மூக்கு வழியே குழாய்.
கஞ்சி, மோர், மருந்து எல்லாம் அந்த வழிதான்.
முந்தி முடிச்சை அவிழ்த்து ஒன்றை எடுத்து வைத்தாள்.
ஓரத்தில் கொஞ்சம் சப்பளிந்த
அதே மாத்திரை.

"குழவிய வச்சு நசுக்குனேன்.
கொத்தனார் வீட்டுச் சுத்தியல வாங்கி அடிச்சேன்.
வெந்நியில ஊறப் போட்டேன், குழாய அடச்சுக்கிருச்சு.
என்ன கல்லுய்யா இது?"

"இத நசுக்கக் கூடாதும்மா."

"நசுக்காம எங்கிட்டு ஊத்த?"

பதில் இல்லாமல் இல்லை.
தண்ணியாகவே இருக்கிறது அந்த மருந்து.
உரிமம் உள்ள அறை எதிரே, மூன்றாம் மாடி.
திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள்.

அவள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு புதுசாக இருந்தது.
"காப்புக் கட்டுனவுக ராத்தங்கல் ஆகாதேம்மா."
"ஆகாதுதான்.
கத்துறதுக்கும் அவருக்குத் தொண்டை இல்ல.
கட்டில் சட்டத்தப் போட்டு அடிக்கிறாரு.
எல்லையப் பாத்துக்கிட்டா இருக்க?"

ஊர்க் காப்பு எட்டாம் நாள் கண்மாயில் அவிழும்,
மஞ்சத்தண்ணி ஊற்றி, கை கழுவி.
இந்தக் காப்பை யார் அவிழ்ப்பது?
அவிழும் நாளுக்கு ஒரு மாசம் முன்பே
வேறொன்று கட்டிவிடுகிறார்களே.
திருடனுக்குப் போட்ட பூட்டென்றுதான்
நானும் கைதட்டினேன்.
வீட்டுக்காரி வாசலில் நிற்கிறாள்.

கீழ் இழுப்பறையில் ஒரு அட்டை இருந்தது.
பழசு. கம்பெனி திரும்பக் கேட்டபோது
கணக்கில் காட்டாமல் வைத்துக்கொண்டேன்.
ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை.
பத்தில் இரண்டு காலி:
அந்தப் பையனுக்குக் கிழித்தது போக மிச்சம்.

நீட்டினேன். கை கொஞ்சம் ஆடியது.
ஒச்சாயி ஒன்றை உரித்து
கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தாள்.
சாக்பீஸ் மாதிரி இரண்டானது.

"இது மாத்திர" என்றாள்.

கடைசி பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது.
அவள் ஓடினாள்.
பதிவேட்டில் பெயருக்கான கட்டத்தில்
பேனாவை வைத்தபடி நின்றேன்,
மை ஊறிப் பரவுகிறவரைக்கும்.