கொம்பு

காளவாசல் பிரவுசிங் சென்டர்,
மணிக்கு முப்பது ரூபாய்.
மூன்றாம் தடவையும் பக்கம் செத்துப்போகிறது.

'கல்வியில் இடைவெளி இருப்பின் காரணம்,
ஐந்நூறு எழுத்துகளுக்குள்.'

எட்டோடு நின்றது.
மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஏழு வருஷம்.
எடை சொன்னால் கணக்கு வாயில் நிற்கும்,
சீட்டில் எழுதினால்
பிச்சியும் மல்லியும் இடம் மாறிக்கொள்ளும்.
இருபத்தி நாலில் பத்தாவது.
அப்புறம் தபால்வழி பி.ஏ.
நான் சொல்லச் சொல்லத் தேர்வை எழுதியவள்
ஒன்பதாம் வகுப்பு ஏஞ்சல். பாதியில் கேட்டாள்:
"இவ்வளவு தெரிஞ்சுமாக்கா ஃபெயிலானீங்க?"

டாக்டர் சான்றிதழை ஸ்கேன் பண்ணும் சேவுகன்
திரையைப் பார்த்தபடியே,
"இதைச் சேர்த்தா எடுப்பாங்களா?"
தெரியாது.

அவன் டீக்குப் போன நேரம்
ஒற்றை விரலால் தட்டினேன்:

மதிப்பிற்குரியீர்,
'கெ' எழுதக் கொம்பை முதலில் போடுகிறோம்.
வாயில் அது 'க்'குக்குப் பின்னால்தான் வருகிறது.
ஏன் என்று ஆறு வயதில் கேட்டேன்,
டீச்சர் அடித்தார்.
இன்னும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
மொழியியல் படிக்க வருவது அதற்கு.
என் வருஷங்களும் அப்படி எழுதியவைதான்,
வேலை முன்னால், பள்ளிக்கூடம் பின்னால்.
வாசிக்கிறவர்களுக்குக் குழப்பம் இருக்காது.

இன்னும் கொஞ்சம் எழுத்து மிச்சமிருந்தது.
'மன்னிக்கவும்' என்று ஆரம்பித்து
அழித்துவிட்டேன்.

சேவுகன் கிளாஸோடு வந்து குனிந்தான்.
"ஒரு 'ற' தப்பா இருக்கு. மாத்தவா?"
எங்கே?
விரல் வைத்துக் காட்டினான்.
பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.
எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது எனக்கு.

இருக்கட்டும் சேவுகா,
அனுப்பு.