இடவலம்

குதாய்சியில் பிப்ரவரி. நூலகத்தின் கீழ்த்தளத்தில்
ஹீட்டர் போடக் கூடாது, தகடுகளுக்கு ஆகாது.
லமாராவும் நானும் ஆளுக்கு இரண்டு கம்பளிச் சட்டைக்குள்.
மூச்சைக்கூட ஒருபுறம் திருப்பித்தான் விடுகிறோம்.

பார்மென் கபூனியாவின் ஸ்டுடியோ, 1908 முதல் 1919 வரை.
ஆயிரத்துச் சொச்சம் கண்ணாடித் தகடுகள்
வாழைப்பழப் பெட்டிகளில் வந்து இறங்கின.
சிலவற்றின் ஓரத்தில் படலம்
வெங்காயத் தோலாகச் சுருண்டிருக்கிறது.
விளிம்பைப் பிடித்துத் தூக்கி, ஒளிமேசையில் கிடத்தி,
மேலே காமிரா ஒருமுறை கண்சிமிட்டும் வரை
பேச்சு இல்லை.

பிறகு தூரிகையைப் பார்ப்பேன்.
ஒரு கரும்துகள் ஒட்டியிருக்கும்.
யாருடைய காதுமடலோ, எந்தத் திரைச்சீலையின் குஞ்சமோ.
உறையில் போட்டு எண் எழுத வேண்டும் என்பது விதி.
எழுதுகிறோம்.

கணினியில் கறுப்பு வெளுத்து, வெளுப்பு கறுத்து
ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வருவார்கள்.
பல் தெரியச் சிரித்தவர் இதுவரை ஒருவரும் இல்லை.
212ஆம் தகட்டில் ஒரு தையற்காரர்,
வலக்கையில் கத்தரி, தோளில் அளவுநாடா.
கபூனியாவின் பேரேட்டில் அவருக்கு இவ்வளவுதான்:
‘தையல். த்சாத்சியா. பாதிப் பணம் வந்தது.’
த்சாத்சியா என்றால் எங்கள் பேச்சில் நொட்டாங்கைக்காரன்.
இவரோ வலக்கையில் பிடித்திருக்கிறார்.
அப்படியானால் குடும்பப் பெயர், என்றாள் லமாரா.
அந்தக் கட்டத்திலேயே அடித்து ஏற்றினேன்.

முந்நூற்று நாற்பதாம் தகட்டில்
ஒரு பையன், மடியில் செய்தித்தாள்.
அன்று என்ன சேதி என்று பெருக்கிப் பார்த்தோம்.
ஜார்ஜிய எழுத்துகள் எல்லாம்
எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றன.

ஐயோ, என்றாள் லமாரா. பிறகு சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.
சுவரில் ஒட்டியிருந்த குறிப்பைப் பிய்த்தெடுத்தோம்.
‘படலப் பக்கம் எப்போதும் மேலே இருக்கட்டும்.’
மூன்று வாரம் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த வரி.
தாளின் பின்பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது.
‘எடுத்தபின் படத்தை இடவலம் மாற்றவும்.’

ஆக, ஓர் ஊரே தப்பான பக்கம் நின்றிருக்கிறது,
மோதிரம் மாறின விரலில்,
பித்தான் மாறின மார்பில்,
மாப்பிள்ளையின் இந்தப் பக்கம் இருக்க வேண்டியவள் அந்தப் பக்கம்.
எங்கள் இருவர் கண்ணுக்கும் ஒன்றும் உறுத்தவில்லை.
தலைசீவும்போது அவர்கள் தினம் பார்த்த முகம்
ஒருவேளை இதுவாகத்தான் இருக்கும்.
படம் கைக்கு வந்த அன்று
‘இதுவா நான்’ என்று கபூனியாவோடு சண்டை போட்டிருப்பார்கள்.

திருத்த ஒரே கட்டளை போதும்.
நாற்பது நிமிடம் ஆகும் என்றது கணினி.
வெளியே ரியோனி ஆறு சேறும் பனியுமாக ஓடியது.
தேநீர் போட்டுக் குடித்தோம்.

திரும்பி வந்தபோது எல்லோரும் திரும்பியிருந்தார்கள்.
பையனின் செய்தித்தாளில் சோளத்தின் விலை.
212இல் கத்தரி
இடக்கைக்குப் போயிருந்தது.

பித்தான்களைச் சரிபார்த்தோம். சரிதான்.
மோதிரம் சரி.
மனிதர்தான் நொட்டாங்கை.
மூன்று வாரம் எங்கள் பிழைக்குள்
எல்லோரையும்போல ஒரு கை வைத்திருந்தார்,
எல்லோரையும்போல ஒரு பெயரும்.

லமாரா அந்தக் கட்டத்தை அழித்தாள்.
காலிக் கட்டம் சிவப்பாக மினுங்கி
ஏதாவது போடு, ஏதாவது போடு என்றது.

நான் பேரேட்டை எடுத்து
மற்றப் பாதிப் பணம் எந்தப் பக்கத்திலாவது வந்ததா,
வந்திருந்தால் பெயரோடு வந்ததா என்று தேடினேன்.
கடைசிப் பக்கத்தில் கபூனியா
ஒரு கூட்டல் கணக்கைப் பாதியில் விட்டிருந்தார்.