வெற்றுக் கண்ணாடி

வலையிறவுப் பாலத்தின் பட்டினப் பக்கம்
இறால் வலையில் மாட்டிய பிரேதத்துக்கு
முதல் மூன்று நாளும் பேரில்லை.
நாலாம் நாள் பேப்பர்கள் பேர் போட்டன:
சுகிர்தராசா, வயது இருபத்தொன்பது,
லீசிங் கம்பனிக்குக் காசு பிரிக்கிறவர்.
கடன் தொல்லை என்றது ஒன்று, காதல் என்றது மற்றது.
சந்தையில் இரண்டையும் சேர்த்துச் சொன்னார்கள்.

என்னிடம் வந்தது அவருடைய தொடையென்பு.
வலது. பதினொரு சென்ரிமீற்றர். அரக்கு முத்திரையோடு.
மச்சையை வழித்து நைத்திரிக்கமிலத்தில் இட்டேன்.
மஞ்சள் புகை எழும்பியது.
அவருடையதெல்லாம் கரைந்தது.
கரையாமல் அடியில் கிடந்தது அவருடையதல்ல:
தயற்றங்கள்,
கண்ணாடிச் சட்டை போட்ட பாசி.
நுணுக்குக்காட்டியில்
ஓடம் மாதிரி ஒன்று,
இரண்டு பக்கமும் கூராக்கிய பென்சில் மாதிரி ஒன்று,
ஓரம் மடித்துத் தைத்த பொத்தான் ஒன்று.

செத்தவனைத் தண்ணீரில் போட்டால்
தண்ணீர் சுவாசப்பையோடு நின்றுவிடும்.
மச்சைவரை போக இதயம் அடிக்க வேண்டும்.
தன்னைக் கொல்கிற தண்ணீரை
இதயம் தானே சுமந்து போய்
எலும்புக்குள் வைக்கிறது.
இதைச் சோதனைக்குப் பாடமாக்கினேன்,
ஐந்து புள்ளிக் கேள்வி.

ஆடி மாதம், வாவி கரிக்கிற காலம்.
ஆனால் என் தட்டில் உப்புத்தண்ணீருக்குரியது
ஒன்றுகூட இல்லை.
எழுவான்கரையில் மிதந்தவருக்குள்
படுவான்கரைக் குளத்துத் தண்ணீர்.

பத்தொன்பது போத்தல், ஒரு ஓட்டோ,
சார்ஜன் ஆதம்பாவா.
வவுணதீவு தாண்டிக் கிறவல் றோட்டெல்லாம் குலுங்கி
குளம், வாய்க்கால், மடு, கிணறு என்று அள்ளினோம்.
ஒரு கிணற்றடியில் ஒருத்தி கேட்டாள்:
"தண்ணிக்கு வருத்தமாகா?"
"இல்ல. விசாரணை."
வாளியை என் கையில் தராமல்
தானே இறைத்து ஊற்றினாள்.

பதினான்காம் போத்தல்
வயல்வாடி ஒன்றின் பின்னால், பம்ப் போடும் மடு.
அந்த வீட்டில் மூன்று லோன்.
அதே ஓடம், அதே பென்சில், அதே பொத்தான்,
எண்ணிக்கையின் வீதமும் அதே.
ஆதம்பாவா அன்றைக்குத்தான் முதன்முதல்
எனக்குப் பிளேன்ரீ வாங்கித் தந்தார்.

ஆனால் ஒன்றுமில்லாததையும் சோதிக்க வேண்டும்:
அதே அமிலம், அதே குழாய், வடித்த நீர்.
எலும்பு மட்டும் இல்லை.
வெற்றுக் கண்ணாடி என்போம்.
அதில் எதுவும் இருக்கக்கூடாது.
இரவு எட்டரைக்கு, மூன்றாம் வரிசையில்
இருந்தது.
ஒரே ஒன்று. ஓடம்.

காற்றில் வந்திருக்கலாம். என் தலைமயிரில் வந்திருக்கலாம்.
குழாய்த்தண்ணீரும் அந்தப் பக்கத்துக் குளத்திலிருந்துதான் வருகிறது.
"ஒண்டுதானே மிஸ்," என்றார் ஆதம்பாவா,
"துடைச்சுப்போட்டு மறுகா ஒருக்கா செஞ்சா என்ன?"
மறுகாவும் செய்தேன். ஒன்றும் இல்லை.
இரண்டையும் எழுதினேன்.

கோட்டில் எதிரித்தரப்புச் சட்டத்தரணி
அந்த ஒன்றைப் பற்றி நாற்பது நிமிடம் கேட்டார்.
மச்சையில் எண்ணிய நூற்றுப் பதின்மூன்றைப் பற்றி
ஒரே கேள்வி,
அதுவும் எழுத்துப்பிழை பற்றியது.
நீதவான் பேனையை மூடினார்.
பிணை. அடுத்த தவணை பதினெட்டாம் திகதி.
ஆதம்பாவா என்னோடு கதைக்காமல் ஜீப்பில் ஏறினார்.

படியடியில் சுகிர்தராசாவின் தமையன் நின்றார்,
ஹெல்மட்டைக் கையில் வைத்துக்கொண்டு.
அந்த ஒன்றைப் பற்றிக் கேட்பார்,
பதிலோடு நின்றேன்.
அவர் கேட்டது:
"மிச்ச எலும்ப எப்ப தருவீங்க?
எல்லாத்தையும் ஒண்டா வைக்கச் சொல்லி
அம்மா கேக்கிறா."
வழக்கு முடிய, என்றேன்.
தலையாட்டிவிட்டுக் கிறுகி நடந்தார்.

மச்சையைப் பற்றி அவர் கேட்கவில்லை.
அது கரைந்து போனதை
நானும் சொல்லவில்லை.